இரண்டு பக்கமும் கறுப்பு

தூத்துக்குடி பிரையண்ட் நகரில், செல்வராணி வீட்டு மாடியில் ஆறு கண்ணாடித் தொட்டிகள், அத்தனையும் ஏஞ்சல் மீன். எட்டாவதோடு படிப்பை விட்டவள். பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம்.

முதல் ஜோடி சாம்பல் கறுப்பு. கடைக்காரர்கள் 'லேஸ்' என்பார்கள். அது போட்ட குஞ்சுகளில் கால் பங்குதான் மைக்கறுப்பு, பாதி லேஸ், மிச்சம் கோடு போட்ட வெள்ளி. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் கறுப்பு இறங்கினால் மைக்கறுப்பு. ஒரு பக்கம் மட்டும் என்றால் லேஸ். எதுவும் இறங்காதது வெள்ளி. மூன்று பொரிப்பில் அவளே இதைக் கண்டுபிடித்தாள்.

மைக்கறுப்புக்குத்தான் கிராக்கி. "கறுப்பையும் கறுப்பையும் சேத்து விடு, எல்லாம் கறுப்பாத்தான வரும்," என்றான் கணவன் ஜெயகணேஷ். லேஸ் ஜோடியை மதுரைக்கு விற்றுவிட்டான்.

வந்ததெல்லாம் கறுப்புத்தான். ஆனால் இரைக்குக் கடைசியில் வந்தன. அவற்றுக்குள்ளேயே மறுபடி சேர்த்தபோது குஞ்சுகளுக்கு முதுகுச் செட்டை விரியவே இல்லை. தாய், தகப்பனுக்கும் சேர்த்து ஓரம் நூல் நூலாகப் பிரிந்தது.

"செட்டை அழுகல்ளா. உப்புப் போடு," என்றான் ஜெயகணேஷ்.

போட்டாள். தினமும் காலையில் இரண்டு மூன்று அடியில் கிடந்தன. அதே தண்ணீரில் நீந்திய, லேஸ் ஜோடி போட்ட பழைய வெள்ளிகள் எட்டுக்கும் செட்டை கத்தி மாதிரி நின்றது. தண்ணீரில் குற்றமில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் பத்து நாள் ஆனது.

"வெள்ளியோட சேத்தாத்தான் இதுக தேறும். வெளி மீன விட்டா நோய் வரும், போன வருசம் ஒரு தொட்டியே போச்சுல்லா. நம்ம வெள்ளிய யாருக்கும் குடுத்துராதீங்க."

ஜெயகணேஷ் நிமிர்ந்து பார்த்தான். "இப்பத்தான எட்டையும் பொன்னுதுரை அண்ணாச்சி கடையில குடுத்துட்டு வாரேன். அவரு அரோவானாவுக்கு இரை கேட்டாரு. இம்புட்டு நாளா வாயில என்னத்த வச்சிருந்த?"

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கடையில் பெரிய தொட்டிக்குள், சின்ன மீனைத் தின்று வளரும் அரோவானா, முழங்கை நீளத்தில் அசையாமல் நின்றது. பம்புக்குப் பின்னால் ஒரே ஒரு வெள்ளி ஒட்டிக்கொண்டிருந்தது. பொன்னுதுரை போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் பொறு என்று கை காட்டினார்.

அரோவானா மெதுவாகத் திரும்பியது.

"அண்ணாச்சி," என்றாள். அது அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. தண்ணீர் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. பம்புக்குப் பின்னால் இப்போது எதுவும் இல்லை.

"சொல்லும்மா, என்ன வேணும்?" பொன்னுதுரை போனை வைத்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்து மாடி ஏறினாள். கறுப்பு ஜோடி, தொட்டிக்குள் நிறுத்தியிருந்த குழாயில் புதிதாக முட்டை ஒட்டியிருந்தது. இரண்டும் இரண்டு பக்கம் நின்று, பிய்ந்த செட்டையால் முட்டைக்கு விசிறிக்கொண்டிருந்தன.