ரா ஃபைலில் சிக்கிய தாய்மாமன்

காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதுமே பென்டிரைவோடு வந்து நின்றாள் ஜெயா. செம்பட்டிக்காரி. மறுநாள் அவள் மகளுக்குக் காதுகுத்து. சாயங்காலத்துக்குள் பத்தடி பேனர் வேண்டும், அதில் தாய்மாமன் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்றாள். நாகல் நகரில் நான் டிசைனராக இருக்கும் கடையில் இது தினப்படி வேலை. டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானம் வரை மண்டை காய்ந்தது.

தாய்மாமன் என்றால் ஜெயாவின் தம்பி. கப்பலில் வேலை. அன்றைக்கு நடுக்கடலில் இருந்தான், ஃபோன் போகவில்லை. மடியில் உட்காரவைத்துக் காது குத்த சித்தப்பா மகனை ஏற்பாடு செய்துவிட்டாள். ஆனால் புருஷன் வீட்டு ஆட்களின் வாயை யார் மூடுவது?

"பேனர்லயாவது எந்தம்பி பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கணும்க்கா. இல்லேன்னா சீர் செய்யப் பயந்து கடலுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டான்னு பேசுவாக."

தம்பி லீவில் வந்தபோது குழந்தையோடு எடுத்த ஒரே ஒரு படம் இருந்தது. எடுத்தவன் அவனுடைய சிநேகிதன், பெரிய கேமரா வைத்திருப்பவன். அவனும் அதே கப்பலில். வாட்ஸப்பில் வந்த சின்னப் படம் ஜெயாவின் ஃபோனில் இருந்தது. பத்தடிக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரிஜினல் பென்டிரைவில் இருந்தது, ஆனால் அது ரா ஃபைல்.

ரா ஃபைல் என்றால், கேமரா பார்த்ததை அப்படியே சமைக்காமல் வைத்திருக்கும் ஃபைல். மாவு மாதிரி. சுட்டால்தான் தோசை. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததோ கிம்ப், காசு கொடுக்காமல் கிடைக்கும் சாஃப்ட்வேர். திருட்டு சாஃப்ட்வேர் வழியாக வைரஸ் வந்து ஹார்ட் டிஸ்க் மொத்தமும் போன பிறகு முதலாளி போட்டுக்கொடுத்தது. ரா ஃபைலை இழுத்துப் போட்டேன். திரையில் இங்கிலீஷில் ஏதோ எழுதி ஒரு பெட்டி வந்தது. ஓகே அடித்தேன். படம் வரவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி பெட்டி, மறுபடி ஓகே.

எல்லா மாமனுக்கும் ஒரே உடம்பு

முதலாளி தங்கவேல் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏம்மா மேரி, ஃபைல் பேருக்குப் பின்னாடி ஜேபெக்குனு மாத்திப் போடு. திறந்துரும்."

"பேரை மாத்துனா உள்ள இருக்கது மாறுமாண்ணே?"

"போட்டுத்தான் பாரேன்."

போட்டேன். திறக்கவில்லை. ஆன்லைனில் மாற்றித் தரும் சைட் ஒன்றில் ஏற்றினேன். கடைக்கு நெட் அண்ணனுடைய ஃபோன் ஹாட்ஸ்பாட்தான். அவர் பிரிண்ட் மெஷினுக்கும் வாசலுக்கும் நடக்க நடக்க அது அறுந்தது. கடைசியில் வந்த படம் ஸ்டாம்ப் அளவு. எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தட்டிய தட்டில் டீ கிளாஸ் குதித்தது.

"விடு, நம்மகிட்டதான் பாடி இருக்கே" என்றார் அண்ணன்.

பேனர் கடைகளில் இது ஒரு பழக்கம். வேட்டி சட்டையில் கும்பிடுகிற உடம்புகளைத் தலை இல்லாமல் சேர்த்து வைத்திருப்போம். யார் வந்தாலும் பாஸ்போர்ட் படத்திலிருந்து தலையை வெட்டி அதன்மேல் ஒட்டிவிடுவோம். அண்ணன் ஒன்றைத் திறந்து காட்டினார்.

ஜெயா பக்கத்தில் வந்து பார்த்தாள். "இது யாரு உடம்புங்க?"

"யாரோ. எந்த மாமன் வந்தாலும் இதான்மா."

"அதான் பார்த்தேன். போன மாசம் எங்க கொழுந்தனார் வீட்டு விசேஷ பேனர்ல இதே கை, இதே வாட்ச்சு. அவுக மச்சான் தலையும் எந்தம்பி தலையும் ஒரே உடம்புல உக்கார்றதா? சிரிப்பாச் சிரிச்சுருவாக."

அண்ணன் வாட்சையாவது அழித்துத் தருகிறேன் என்றார். அவள் கண் கலங்கிவிட்டது. "எந்தம்பி மொகம் இதுக்குள்ளதான் இருக்கு, உங்களுக்குத்தான் எடுக்கத் தெரியல" என்று பென்டிரைவைத் தட்டிக் காட்டினாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. மறுபடி ஃபைலை இழுத்துப் போட்டேன்.

மூடாதீங்க

பெட்டி வந்தது. என் விரல் ஓகேக்குப் போனது.

"செத்த இருங்கக்கா. அதுல என்னமோ நிறைய எழுதியிருக்கு. ஒவ்வொரு தடவையும் படிக்காமலே மூடுறீகளே, என்ன போட்டிருக்குன்னு பாருங்களேன்."

திருட்டு சாஃப்ட்வேரில் தொழில் படித்தவர்கள் எல்லோருக்கும் இந்த விரல் வியாதி உண்டு. அதில் வரும் பெட்டியெல்லாம் லைசென்ஸ் எங்கே, அப்டேட் எங்கே என்று மிரட்டும். படிக்காமல் மூடுவதுதான் தொழில். மூடத் தெரிந்தவன்தான் டிசைனர்.

படித்தேன். ரா ஃபைலைத் திறக்கும் சாஃப்ட்வேர் எதுவும் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, டார்க்டேபிள் போன்ற ஒன்றைப் போடு என்று பேரோடு எழுதியிருந்தது. காலையிலிருந்து அந்தக் கிம்ப் நாயாகக் கத்தியிருக்கிறது. நான் அதன் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

டார்க்டேபிளும் இலவசம்தான். "அண்ணே, ஃபோனை டேபிள்ல வச்சுட்டு நகராம உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். இறங்கியது. போட்டேன். கிம்பை மூடித் திறந்து ஃபைலை மறுபடி இழுத்தேன். பெட்டி வரவில்லை. கறுப்பாக வேறொரு ஜன்னல் விரிந்தது, அதன் நடுவில் தம்பி நின்றான். கையில் குழந்தை. ஜெயா என் தோளைப் பிடித்த பிடியில் வலித்தது. மங்கலாக இருந்த முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினேன். பல் தெரிந்தது.

அடுத்த ரோதனை அங்கேதான். படத்தை டார்க்டேபிளிலிருந்து கிம்புக்கு அனுப்ப பட்டன் வேண்டுமே. மேலே தேடினேன், கீழே தேடினேன், இல்லை. "போய்த் தொலை" என்று அந்த ஜன்னலையே மூடினேன். செய்ததெல்லாம் போச்சே என்று நினைக்கும்போதே கிம்பில் படம் ஏறுவதைக் காட்டும் கோடு ஓடியது. படம் முழு அளவில் வந்து உட்கார்ந்தது. வேலை முடிந்ததும் ஜன்னலை மூடினால் போதும், படம் தானாகப் போய்விடும். அதுதான் அதன் முறை.

பெரிதாக்கினேன். உடையவில்லை. இன்னும் பெரிதாக்கினேன். புருவத்தில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. "அண்ணே, இங்க வாங்க, கண்ணுக்குள்ள பாருங்க, படம் எடுத்தவனே தெரியுறான்" என்று கத்தினேன். மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து எத்தனையோ முகங்களை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒரு முகத்துக்காக நாற்காலியை விட்டு எழுந்து நின்றது அன்றைக்குத்தான்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபைல் திறக்காவிட்டால் சாஃப்ட்வேரைத் திட்டுங்கள், முதலாளியைத் திட்டுங்கள், நானும் திட்டத்தான் செய்கிறேன். அதற்கு முன்னால் பெட்டியைப் படியுங்கள். இங்கிலீஷ் புரியவில்லையென்றால் பக்கத்தில் நிற்கிறவரைக் கேளுங்கள். வாடிக்கையாளராக இருந்தாலும் பரவாயில்லை.

பேனர் அமைத்து முடித்ததும் தங்கவேல் அண்ணன் திரையில் விரலை வைத்தார். தம்பியின் சட்டைத் தோளில் ஈரக் கறை. குழந்தை ஒழுக்கிய எச்சில்.

"இதை அழிச்சுரு மேரி. பேனர் சுத்தமா இருக்கும்."

"அழிக்காதீங்கக்கா" என்றாள் ஜெயா. "ஒட்டுன உடம்புல எச்சி இருக்காது. எம்புருஷன் வீட்டு ஆளுக பக்கத்துல வந்து பாக்கட்டும்."

கறையோடு பிரிண்டுக்குக் கொடுத்தேன்.