ஆடாத ஜீப்

இப்போது என் ஜீப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு வடக்கனந்தல் நேர்ரோட்டில் என்ன வேகத்தில் போனாலும் தண்ணீர் நடுங்குவதில்லை. ஏறுகிறவர்கள் எல்லாம் “பழைய வண்டின்னு சொல்லவே முடியாது” என்கிறார்கள். பாராட்டுகிறார்களாம். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். நிறுத்தினால் அதிக நாள் தாங்காது என்று டாக்டரம்மா என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். தண்ணீரையும் அளந்துதான் கொடுக்கவேண்டும். அளக்கிற பாவம் என் தலையில் விழுந்தது. சின்ன டம்ளரில் பாதி ஊற்றிவிட்டுச் சொம்பை எட்டாத இடத்தில் எடுத்து வைப்பேன். அம்மா அந்தச் சொம்பு போகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கீழேயே ஒரு வீடு வாடகைக்குப் பார்க்கிறேன் என்றேன். “மாட்ட யாரு பாக்கறது? சாமைய யாரு அறுக்கறது?” என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஆகவே ஜீப்தான் கதி. ஆட்களையும் மரவள்ளி மூட்டைகளையும் ஏற்றி இறக்கி எங்களுக்குச் சோறு போட்ட ஜீப் அது. அம்மாவையும் அதுவே காப்பாற்றிவிடும் என்று நம்பினேன்.

ஆயுத பூஜை கழிந்த பிறகு அது ஆட ஆரம்பித்தது. மலைப்பாதையில் மெதுவாக இறங்கும்போது ஒன்றும் தெரியாது. சமவெளிக்கு வந்து நாற்பதைத் தொட்டதும் அடியிலிருந்து ஒரு அதிர்வு கிளம்பும். முதலில் கால் வைக்கிற தகடு, பிறகு சீட்டு, பிறகு ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். போகும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவார். திரும்பும்போதுதான் கொடுமை. நாளெல்லாம் ஊசியோடு படுத்துவிட்டு வந்த உடம்பு. பாதி வழியில் வாந்தி எடுப்பார். ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் பிளாஸ்டிக் கவரையும் பிடித்துக்கொண்டு ஓட்டுவேன்.

ஒருநாள் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

“இனிமே இந்த வண்டியில நான் வரமாட்டேன்டா. குடலே கழண்டு வுழுந்துடும் போல ஆடுது.”

“சரி பண்ணிடறேம்மா.”

“சரி பண்ணு. அப்பறமா வரேன்.”

அந்த ‘அப்பறமா வரேன்’ என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் நின்றால் அம்மா வருவார், வந்தால் இருப்பார். கணக்கு எனக்கு அவ்வளவு எளிதாகத் தெரிந்தது. அதுவரைக்கும் கார் பேசிவிடுகிறேன் என்றதற்கு, “ஊரான் வண்டியில போயி வாந்தி எடுக்கச் சொல்றியா? நம்ம வண்டிய பாரு” என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

வடக்கனந்தலில் எனக்கு வாடிக்கையான மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, என்ஜினைத் தாங்கும் ரப்பர் செத்துப்போச்சு என்றார். புதிது போட்டோம். நின்ற இடத்தில் இருந்த லேசான நடுக்கம் போயிற்று, ஓட்டத்தில் இருந்தது போகவில்லை. ஒரு சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை என்று டீசலைப் பீச்சுகிற நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அதிலும் பலனில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. பூஜை வாரத்தில்தான் அவர் கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தார். அதில்தான் கோளாறு என்று ஷெட்டிலேயே சண்டைக்குப் போனேன்.

“அண்ணே, சும்மா கத்தாதீங்க. நிக்க வச்சி ரேஸ் பண்ணுங்க, ஆடுதா பாப்போம்.”

பானெட் மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தோம். என்ஜின் கத்தியதே தவிர, தண்ணீரில் பெரிதாக ஒரு நடுக்கமும் இல்லை. பிறகு சொம்பை முன்சீட்டில் வைத்துக்கொண்டு ரோட்டில் போனோம். வேகம் கூடியதும் சல்லடையில் மாவு ஆடுகிற மாதிரி தண்ணீர் முழுக்க நடுங்கியது. ஓடுகிற வேகத்திலேயே நியூட்ரலுக்குத் தள்ளினேன். என்ஜின் அடங்கிவிட்டது, தண்ணீர் அடங்கவில்லை. குற்றம் என்ஜினில் இல்லை, உருள்கிற எதிலோ இருக்கிறது. இத்தனை நாள் தப்பான இடத்தில் தேடியிருக்கிறோம். இதைக் கண்டுபிடிப்பதற்குள் அம்மாவின் கால்கள் வீங்கி, செருப்பில் நுழைய மறுத்தன.

கள்ளக்குறிச்சியில் சக்கரம் நான்கையும் பேலன்ஸ் பார்த்தேன். என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளக் குழாய் இருக்கிறதே, அந்த ஷாஃப்டின் இரண்டு முனையிலும் புது ஜாயின்ட் போட்டேன். ஆட்டம் அப்படியே இருந்தது. நடுவில் ஒருநாள் அம்மாவுக்கு மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோய்ச் சேர்த்தது. திரும்பி வந்ததும் பழையபடி, “வண்டி சரியாவட்டும்.” அடுத்த முறையும் போகவில்லை.

பகலெல்லாம் வாசலில் ஜீப்புக்கு அடியில் கிடந்தேன். அம்மா காய்கிற சாமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோழி விரட்டுவார். பொழுது சாயும்போது கேட்பார்: “இன்னாடா, புடிச்சிட்டியா?”

“இல்லம்மா.”

“அவசரப்படாத. நிதானமா பாரு.”

என் மேல் உள்ள கரிசனம் என்று நினைத்துக்கொள்வேன். அடியில் படுத்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். ஒரு இரும்பு என்னை இப்படித் தோற்கடிக்கிறதே என்று ஸ்பேனரை வீசியடித்திருக்கிறேன்.

என் மனைவியின் அண்ணன் அம்மாவைப் பார்க்க வந்தவர், எனக்குப் பக்கத்தில் தரையில் படுத்து எட்டிப் பார்த்தார். மச்சானுக்கு எப்போதும் சிரிப்புதான்.

“நான் அடிச்ச பெயிண்டு இன்னும் போகல பாரு மாப்ள.”

எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்குக் கத்தி, மண்வெட்டி, கடப்பாரை எல்லாவற்றையும் துரு இல்லாமல் சுரண்டித் துலக்கித்தான் படைப்போம். வண்டியும் ஆயுதம்தானே? மற்றவர்கள் மேலே கழுவிப் பொட்டு வைப்பதோடு விட்டுவிடுவார்கள். மச்சான் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். அடியில் புகுந்து ஷாஃப்டைக்கூடச் சுரண்டி வெள்ளிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார்.

“இந்த எடத்துல சின்னதா ஒரு இரும்புத் துண்டு அசிங்கமா ஒட்டிக்கினு இருந்துச்சி மாப்ள. சாமிக்கு வைக்கற பொருளாச்சேன்னு உளி வச்சி தட்டி எடுத்துட்டேன். மழமழன்னு ஆயிடுச்சில்ல?”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. போனில் மெக்கானிக்கிடம் சொன்னேன்.

“அண்ணே, அது தானா ஒட்டினது இல்லண்ணே. சுத்தும்போது ஒரு பக்கம் கனம் ஜாஸ்தியாவக் கூடாதுன்னு கம்பெனியிலயே வச்சி பத்தவக்கிறது. அது போனா ஆடாம இன்னா பண்ணும்?”

மச்சானின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைக் காணோம். அவரை நான்கு சாத்துச் சாத்தியிருக்கவேண்டும். ஆனால் எனக்கு வந்தது சந்தோஷம். அந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான். ஷாஃப்டைக் கழற்றிக் கோணிப்பையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கினேன். சின்னசேலத்தில் சேலம் பஸ் ஏறினேன். “இத எங்கய்யா வைக்கப்போற?” என்று கண்டக்டர் போட்ட சத்தம்கூடக் காதுக்கு இனிமையாக இருந்தது. சேலத்துப் பட்டறையில் அதைச் சுழலவிட்டுப் பார்த்து, கட்டைவிரல் நகம் போல ஒரு துண்டைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். அம்மாவின் உயிரையே வாங்கிவருவதாக நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலையில் வண்டி சரியாகிவிட்டது, கிளம்பு என்றேன். அம்மா வந்து முன்சீட்டில் ஏறினார். நான் பெருமையாகச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு அவர் மடியில் வைத்தேன். “கையில புடிச்சிக்க. நடுங்குதான்னு நீயே பாரு.”

மலை இறங்கி நேர்ரோட்டுக்கு வந்தோம். நாற்பது, ஐம்பது என்று ஏற்றினேன். தண்ணீர் அசையாமல் நின்றது. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவர் சொம்பைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார்.

“ஆடலல்லம்மா?”

“ஆடலடா.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இனிமே நான் இன்னா சொல்லி மறுக்கறது?”

வண்டியை ஓரம் கட்டினேன்.

“எனக்கு போதும்டா. இந்தக் கையப் பாரு, குத்தறதுக்கு எடமில்ல. வேணான்னு நேரா சொன்னா நீ ஒடிஞ்சி போயிடுவன்னு வண்டி மேல பழி போட்டேன். நீ சரி பண்ணிப்புடுவன்னு நெனைக்கல. திருப்பு, வூட்டுக்குப் போலாம்.”

கத்தினேன். கும்பிட்டேன். பிள்ளை மாதிரி அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாரே தவிர, சொன்ன சொல்லை மாற்றவில்லை. பிறகு மடியிலிருந்த சொம்பை இரண்டு கையாலும் தூக்கிக் குடிக்க ஆரம்பித்தார். அரை டம்ளருக்கு மேல் கேட்டால் பிடுங்கி வைத்தவன் நான். அன்றைக்கு என் கை எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சொம்பு காலியாகும்வரை நிதானமாகக் குடித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அம்மா தாகம் தீரத் தண்ணீர் குடித்தார்.

ஜீப்பைத் திருப்பினேன். வழியெல்லாம் வண்டி துளிகூட ஆடவில்லை. ஆடித் தொலைத்திருக்கலாம்.