கறள் பிடிக்காத துருவலை

இன்று ஆய்வுகூடத்தில் சோடியப் போத்தலை எடுத்தேன். சோடிய அணுவின் வெளிச்சுற்றில் ஒரேயொரு இலத்திரன்தான் உண்டு. அதைக் கொடுத்துவிட்டு அயனாக அது எப்போதும் அவசரப்படும். அதனால்தான் காற்றுப் படாமல் எண்ணெய்க்குள் வைக்கிறோம். அந்த எண்ணெய்ப் பளபளப்பு என்னை, சிறுவயதில் அகதியாய் வந்திறங்கிய குளிர்நாட்டு ஊரான கிரின்ஸ்டெட்டில் நாங்கள் சமைத்த குசினிக்குக் கொண்டுபோனது.

அப்போது அங்கே நானும் அப்பாவும் மட்டுமே இருந்தோம். அம்மாவை மன்னாரிலிருந்து அழைக்கக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. தமிழரின் விண்ணப்பங்கள் அந்நாட்டு அமைச்சின் உத்தரவால் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தது பிறகுதான் வெளியில் வந்தது. அம்மாவுக்கென்று அப்பா குந்தியிருந்து துருவும் ஒரு தேங்காய்த் துருவலை வாங்கி வைத்திருந்தார். நாங்கள் பாவித்தது பைக்கற் தேங்காய்ப்பூ. ஆனாலும் சனிக்கிழமைகளில் துருவலையின் பல்லுக்கு எண்ணெய் பூசுவார்.

"பாவிக்காததுக்கு ஏனப்பா எண்ணெய்?"

"இரும்பிலை கறளைக் கண்டா கொம்மா என்னையெல்லோ துருவுவா."

"அவ வருவாவோ?"

"வருவா," என்றார், துடைப்பதை நிறுத்தாமல்.

நான்கு குளிர்காலம் போய் அம்மா வந்தார். துருவலையில் குந்தி, பல்லைத் தடவிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, நேற்றுத்தானோ வாங்கினனீங்கள்?"

"ஓம்," என்றார் அப்பா.

இரும்பும் இலத்திரனை இழந்துதான் கறள் பிடிக்கிறது என்று எங்கள் வீட்டில் முதன்முதல் படித்தவள் நான். பள்ளிக்கூடம் போகாத அப்பா அதை நான்கு குளிர்காலம் தடுத்து வைத்திருந்தார்.

போத்தலில் எண்ணெய் கொஞ்சம் குறைந்திருந்தது. நிரப்பி, இறுக்கி மூடினேன்.