வாட்ச்மேனிடம் விட்ட செல்போன்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், தாயில்பட்டியில் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி கட்டியவன். எந்த வெடிக்கும் அஞ்சியதில்லை. ஆனால் என் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் எடுத்த ஸ்கேனின் முடிவை டாக்டர் போனில் சொல்லவிருந்த அன்று அஞ்சினேன். கம்பெனிக்குள் செல்போன் கூடாது என்பது நான் போட்ட சட்டம்தான். அதைச் சாக்காக வைத்து, போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஒளிந்துகொண்டேன்.

சாயங்காலம் மனைவி தேடி வந்தாள். "வெடிக்குப் பயப்படாத ஆளு, போனுக்குப் பயந்தா இங்கன உக்காந்திருக்கீக? சாம்பிள் வெடி போடச் சொல்லுங்க, பாப்போம்."

வெளியே வந்து ஒன்று போடச் சொன்னேன். இருட்டத் தொடங்கிய வானத்தில் பச்சைப் பூ விரிந்தது. "நிறம் கம்மி," என்றேன்.

"இன்னைக்காவது குறை சொல்லாமப் பாருங்களேன்."

அடுத்ததை அவள் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நான் செய்த வெடி இவ்வளவு அழகா என்றிருந்தது. பயம் போகவில்லை. ஆனாலும், இன்னொன்று போடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனை வாங்க நடந்தேன்.