மூன்று எண்ணும் வரை

பரளச்சி ஊர்க்காரி அமுதவள்ளிக்குச் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார வராது. அருப்புக்கோட்டை நூல்மில்லில் பத்தொன்பது வருடமாக, ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே நடந்து நடந்து அறுந்த நூலை ஒட்டியவள். நாற்பத்து நான்கு வயதில் மூச்சு வாங்கி மில் வாசலிலேயே சரிந்தாள். மதுரையில் நெஞ்சைத் திறந்து இதய வால்வை மாற்றினார்கள்.

ஆபரேஷன் நடந்தது அவளுக்குத் தெரியாது, மயக்கம். தெரிந்ததெல்லாம் பிறகுதான். நெஞ்சுக்குழிக்குக் கீழே, தேங்கும் ரத்தத்தை வடிக்க இரண்டு குழாய்கள். திரும்பினால் குத்தும், இருமினால் இழுக்கும். மூன்றாம் நாள் காலை, "இன்னிக்கு எடுத்துருவோம்" என்று சொல்லிப்போன நர்ஸ் சுகந்தி பதினொரு மணியாகியும் வரவில்லை. காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுதவள்ளி கட்டில் கம்பியைப் பிடித்தாள், விட்டாள். போர்வையை இழுத்தாள், தள்ளினாள்.

பக்கத்துக் கட்டிலில் வீரசோழன் ஊரைச் சேர்ந்த மும்தாஜ் பேகம். ஒருநாள் பிந்தி அதே ஆபரேஷன் ஆனவர்.

"ரொம்ப வலிக்குமாமே, அமுதா?"

"தெரியலக்கா. எடுத்ததும் சொல்றேன்."

ஒருவழியாகச் சுகந்தி வந்து கட்டைப் பிரித்தாள். "ஒண்ணுமில்லக்கா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றபடியே முதல் குழாயை உருவினாள். எறும்பா அது? நெஞ்சுக்கூட்டுக்குள் சுருண்டு கிடந்த ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியேறியது போலிருந்தது. காந்தியது. கத்தவும் மூச்சு வரவில்லை. கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன.

இரண்டாவதில் சுகந்தி கை வைத்ததும் அமுதவள்ளி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்லாதீக சிஸ்டர். எப்ப இழுப்பீக, எம்புட்டு நேரம் வலிக்கும்னு சொல்லுங்க. தாங்கிக்கிருவேன்."

சுகந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. "மூணு எண்ணுவேன். மூச்ச இழுத்துப் பிடிங்க. வலிக்கும். அஞ்சு செகண்டுல முடிஞ்சிரும்" என்றாள்.

வலி கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் இந்தமுறை கால்கள் உதைக்கவில்லை.

"உள்ள உருவுற மாதிரி இருக்கும்க்கா. வலிக்கத்தேன் செய்யும்" என்று அமுதவள்ளி மும்தாஜிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அமுதவள்ளிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் சுகந்தி வந்து, "மூணு எண்ணுவேம்மா, வலிக்கும்" என்றதும், அமுதவள்ளி மெல்ல எழுந்துபோய் மும்தாஜின் கையைப் பற்றினாள். அவரோ கண்ணை இறுக மூடி, தானே கடகடவென்று எண்ணி முடித்தார்.

"அவசரப்படாதீங்கம்மா, நான் இன்னும் தொடவே இல்ல" என்றாள் சுகந்தி.