அவள் சொன்ன ‘எஸ்’

தேர்வு அறையில் ஒலிபெருக்கி வழியாக வருவது என் குரல்தான். வெள்ளைக்காரக் குரலுக்குச் செலவழிக்க எங்கள் மையத்துக்கு வக்கில்லை. “உங்க இங்கிலீஷ் நல்லா நிறுத்தி நிதானமா இருக்குதுங்க மேடம், நீங்களே பேசிக் குடுத்துருங்க” என்றார் கோயம்புத்தூர்க்கார மேனேஜர். ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, இரைகிற ஏ.சி.யை அணைத்துவிட்டு, வேர்த்து வழிய ஒரு மதியம் முழுக்கப் பேசிப் பதிவு செய்தேன். ஆண் குரல் எல்லாம் அவருடையது. “இனி வரும் உரையாடலை ஒரு தடவைதான் கேட்பீர்கள்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும். முன்பெல்லாம் அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது அது ஆரம்பித்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

மையம் இருப்பது ஷார்ஜாவில், முவைலாவில், ஒரு சலூனுக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். அஜ்மானிலும் துபாயிலும் கடை வைத்திருக்கும் சீனக் குடும்பங்களின் பிள்ளைகள் பத்தாம் வகுப்புவரை சீன மொழியிலேயே படித்துவிட்டு வருவார்கள். இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புச் சேர வேண்டும் என்றால் எங்களிடம் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். முதலில் காதால் கேட்டுப் பதில் குறிப்பது, பிறகு வாசித்துப் பதில் குறிப்பது. இவ்வளவுதான் பரீட்சை. நான் அஜ்மானிலிருந்து பஸ் பிடித்து வந்து அந்த அறைக்குக் காவல் நிற்பேன், தாள் திருத்துவேன். திருநெல்வேலியில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவளுக்கு வாய்த்த வேலை இது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதிலும் காப்பியடிப்பது என்றால் சுத்தமாக ஆகாது. அந்தப் பிள்ளைகளோ பரம சாது. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவருவார்கள், கூப்பிட்டால் எழுந்து நின்றுதான் பதில் சொல்வார்கள், எதற்கெடுத்தாலும் ‘டீச்சர், டீச்சர்’. ஆனாலும் அறைக்குள் நுழைந்துவிட்டால் நான் சிரிக்கமாட்டேன். சிரித்தால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு.

காதால் கேட்கும் பகுதியில் பதினேழாவது கேள்வி ஒன்று உண்டு. பொறி என்று நாங்களே பேர் வைத்திருந்தோம். என் குரல் கேட்கும்: “நீ வீட்டுப்பாடம் முடிக்கவில்லை, இல்லையா?” மேனேஜர் குரல் ஒரே வார்த்தை சொல்லும்: “நோ.” அவன் முடித்தானா இல்லையா என்பது கேள்வி. இங்கிலீஷில் அந்த ‘நோ’வுக்கு முடிக்கவில்லை என்று அர்த்தம். சீனப் பிள்ளைகள் முடித்துவிட்டான் என்று குறிப்பார்கள். அவர்கள் பேச்சில், கேட்கிறவர் சொன்னது சரி என்றால் ‘ஆமாம்’, தப்பு என்றால் ‘இல்லை’. ‘நீ முடிக்கவில்லைதானே’ என்றால், முடிக்காதவன் ‘ஆமாம்’ என்பான். இது எனக்குத் தெரியும். பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் போர்டில் எழுதிப் போட்டு விளக்குகிறவளே நான்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

அன்று சனிக்கிழமை. பதினோரு பேர் எழுதினார்கள். அந்தப் பெண் நடு வரிசையில், சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பயிற்சிக்கு வராமல் நேராகப் பரீட்சைக்கு வந்தவள். ஒல்லி, கண்ணாடி, மணிக்கட்டுவரை மூடிய சாம்பல் நிற ஸ்வெட்டர். கேட்கும் பகுதி முடிந்து வாசிக்கும் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்னாலிருந்து பார்க்கிறேன், அவள் தலை பக்கத்து மேசைப் பையன் பக்கம் திரும்பியிருக்கிறது. திரும்பியது திரும்பியபடி நிற்கிறது. ரத்தம் ஏறியது எனக்கு.

பக்கத்தில் போய் நின்றேன். விருட்டென்று எழுந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததும், பாவம், சின்னப் பிள்ளைதானே என்று மனசு கொஞ்சம் இளகியது. ‘நீ பார்த்தாயா’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம் ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு வழி விட்டுத்தானே கேட்போம், ‘நீ பாக்கலைல்ல?’ என்று. அதையே இங்கிலீஷில் கேட்டேன்.

“நீ அவன் பேப்பரைப் பார்க்கவில்லை, இல்லையா?”

கண்ணுக்கு நேராக என்னைப் பார்த்து, தலை நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னாள்.

“எஸ், டீச்சர்.”

என்ன திமிர்! தப்பித்துக்கொள்ள வழிவிட்டுக் கேட்கிறேன், கண்ணைக்கூடத் தாழ்த்தாமல் ஆமாம், பார்த்தேன் என்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைப் பிடுங்கினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெறும் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. ‘மாணவர் ஒப்புக்கொண்டாரா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு கட்டம் நிரம்பிவிட்டால் விசாரணை கிடையாது. தாள் ரத்து. மறுபடி எழுத அடுத்த வருஷம்தான்.

வரவேற்பு மேசையில் அவள் அம்மா காத்திருந்தாள். இங்கிலீஷ் நாலு வார்த்தைதான் வரும், மீதிக்குப் போன் பேசும். அவள் சீனத்தில் சொல்லச் சொல்ல, அந்தப் போன் ஒரு பெண் குரலில் இங்கிலீஷில் சொன்னது: இந்த வருஷம் பள்ளியில் சேராவிட்டால் அப்பா மகளை ஊருக்கு அனுப்பிவிடுவார், அங்கே அத்தை வீட்டில் இருந்து படிக்க வேண்டும், நான் கடையை விட்டுப் போக முடியாது, எங்களைப் பிரிக்காதீர்கள். பிறகு, ‘என் மகள் பார்க்கவில்லை என்கிறாள்.’

“மாத்திப் பேசறாங்க பாருங்க” என்று மேனேஜர் என் காதோரம் முணுமுணுத்தார்.

“என்னிடம் ‘எஸ்’ என்று சொன்னாளே. அவளையே கேளுங்கள்” என்றேன் நான்.

அந்தப் பெண் அம்மாவை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அழுததில் கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. “எஸ்!” என்று கத்தினாள். “ஐ செட் எஸ்! டீச்சர், ஐ செட் எஸ்!” நெஞ்சில் கையை வைத்து, திரும்பத் திரும்ப, அந்த ஒரு வார்த்தையை. தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும், பாருங்கள், மறுபடியும் ஒப்புக்கொள்கிறாள் என்று நின்றோம்.

ரத்தான தாளையும் திருத்தி ரிப்போர்ட்டோடு சேர்க்க வேண்டும் என்பது விதி. அன்று சாயங்காலமே திருத்தினேன். கேட்கும் பகுதியில் முப்பதுக்கு இருபத்தொன்பது. தப்பானது ஒன்றே ஒன்று, பதினேழாவது. அட, பொறியில் மாட்டிக்கொண்டாளா என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது. சிவப்புப் பேனாவால் அழுத்தி ஒரு சுழி போட்டேன். பக்கத்து மேசைப் பையன் தாளும் என்னிடம்தான் வந்தது, பாதிகூடத் தேறவில்லை. அவனைப் பார்த்து எழுத இவளுக்கு என்ன தலையெழுத்து? அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தாள்களைக் கட்டி உறையில் போட்டு, பஸ்ஸுக்கு ஓடினேன்.

மூன்று வாரம் போயிருக்கும். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் என் மகளுக்குப் பள்ளியில் நடனம், எனக்கு டூட்டி. ஒன்பது வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான்.

“அம்மா, யூ வோன்ட் கம் டுமாரோ, வில் யூ?”

வரமாட்டாய்தானே என்று கேட்கிறாள். ஆமாம்டா கண்ணு, வர முடியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, “எஸ்” என்றேன்.

பின்னாலிருந்து வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “தேங்க்யூ ம்மா! தேங்க்யூ!” குதித்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். அங்கிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: “என்ன, லீவு போட்டுட்டியா? சொல்லவேயில்ல!”

“யாரு போட்டா? வரலன்னுதான சொன்னேன்!”

“நீ எஸ்னு சொன்னதா பிள்ள குதிக்கா!”

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கத்தி கையிலேயே இருந்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சாம்பல் ஸ்வெட்டரும் நிமிர்ந்த தலையும் கண்ணுக்கு நேரே வந்து நின்றன. எஸ், டீச்சர். ஆமாம் டீச்சர், நான் பார்க்கவில்லை. அவள் சீனத்தில் யோசித்து அதைச் சொல்லியிருக்கிறாள். அதே யோசனை என் தமிழிலும் அப்படியே இருக்கிறது, என் வாயும் அதையே சொல்லியிருக்கிறது. பதினேழாவது கேள்வியாக எனக்கு அது தெரிந்திருந்தது. எதிரே ஒரு பிள்ளை நின்று சொன்னபோது தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதெல்லாம் தெரியாமல் என் மகள் ஹாலில் ஆடிக்காட்டிக்கொண்டிருந்தாள்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்தார். பிறகு, “கலாஸ்ங்க மேடம், முடிஞ்சுபோச்சு. ரிப்போர்ட் போயிருச்சு, பள்ளிக்கூடத்துல சீட்டும் முடிஞ்சிருச்சு. ஒப்புக்கிட்டாள்னு எழுதுனதும் நீங்கதானுங்க” என்றார்.

“நான்தான். அதை அடிச்சு எழுதறதும் நானா இருக்கட்டும்.”

“உங்க பேருதாங்க கெடும்.”

“கெடட்டும்.”

இழுத்துக்கொண்டே சம்மதித்தார். ‘மாணவி மறுத்தார். கண்காணிப்பாளர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார். மாணவிமீது குற்றமில்லை’ என்று ஒரு கடிதம், மையத்தின் முத்திரையோடு. எழுதி முடித்த பிறகு அந்த வெற்று அறைக்குள் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பையன் மேசைப் பக்கம்தான் தலையைத் திருப்ப வேண்டும். அவள் கடிகாரத்தைத்தான் பார்த்தாளா, எனக்குத் தெரியாது. அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான். பிளேயரில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் என் குரல் அந்த அறையில் கேட்டது: நீ பார்க்கவில்லை, இல்லையா? எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த அறையில் நான் தனியாக இருப்பதில்லை.

விண்ணப்பத்தில் கடை முகவரி இருந்தது. அஜ்மானில், என் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். பிளாஸ்டிக் பூ விற்கிற கடை. தரையிலிருந்து கூரைவரை ரோஜாவும் சூரியகாந்தியும், ஒன்றுக்கும் வாசனையில்லை. கல்லாவுக்குப் பின்னால் அவள் அம்மா மட்டும் இருந்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். திட்டுவாள், போ வெளியே என்பாள் என்று தயாராக வந்திருந்தேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, காகிதக் கோப்பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

கடிதத்தை அவள் கையில் வைத்தேன். போனில் பேசினேன்: உங்கள் மகள் காப்பியடிக்கவில்லை, அவள் உண்மையைத்தான் சொன்னாள், தப்பாகக் கேட்டது நான். போன் அதைச் சீனத்தில் சொன்னது. அவள் கடிதத்தைப் போன் கேமராவில் பிடித்து, மெதுவாக இரண்டு தடவை வாசித்தாள். பிறகு மடித்துக் கல்லா மேசைக்குள் வைத்தாள். ஒரு போட்டோ காட்டினாள். சீனாவில் ஏதோ பள்ளி வாசல், நீலமும் வெள்ளையுமாகச் சீருடை, அதே கண்ணாடி. ‘போன வாரம் போய்விட்டாள்’ என்றது போன். ‘அங்கே குளிர். அழுதுகொண்டே பேசுகிறாள்.’

மன்னித்துவிடுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன், தமிழிலும் சொன்னேன். அதற்குள் யாரோ ஒரு பெண்மணி உள்ளே வந்து ரோஜாக் கொத்து ஒன்றைத் தூக்கிப் பார்க்க, அவள் எழுந்தாள். நானும் எழுந்தேன். வாசல்வரை வந்த நான், திரும்பி, மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். பழக்க தோஷம், அதே மாதிரிதான் வாயில் வந்தது.

“அவளுக்கு என்மேல் கோபம் இல்லை, இல்லையா?”

இந்தத் தடவை அவள் போனை எடுக்கவில்லை. பூக்களுக்கு நடுவில் நின்று என் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள்.

“எஸ்” என்றாள்.

அவள் மொழியில் அதற்கு, ஆமாம், கோபம் இல்லை என்று அர்த்தம். என் தமிழிலும் அதுதான். அவள் மகளிடமிருந்து தாளைப் பிடுங்க நான் வைத்துக்கொண்ட மொழியில், கோபம்தான் என்று அர்த்தம். எது என்று கேட்டிருக்கலாம். அவள் சொல்லியிருப்பாள். ஒரு தடவைதான் கேட்பீர்கள் என்று அத்தனை பிள்ளைகளுக்கும் சொன்னவள் நான். இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.