முதலியார்பேட்டை பன் கடையும் என் குண்டு எழுத்தும்

புதுச்சேரிக்கு எல்லோரும் கடற்கரை பார்க்கப் போவார்கள். நான் போன மாதம் ஒரு பெயர்ப்பலகையைப் பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள். நுனியெல்லாம் உருண்ட, கொழுகொழு என்ற அந்தத் தடித்த எழுத்துரு நான் வரைந்தது. கணினியை விட்டு அது தெருவுக்கு வருவது அதுதான் முதல் முறை.

கல்லூரித் தோழி மும்தாஜ், கடலூர் சாலையில் முதலியார்பேட்டைப் பக்கம் பன் கடை திறக்கிறாள். "வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சதும் திறப்பு. நீ புதன்கிழமையே வந்துடு" என்று உத்தரவு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பேருந்தில் நான்கு மணி நேரம். புதுச்சேரி நிலையத்தில் அரியாங்குப்பம் பேருந்து ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடை.

வாசலில் சோதனைக்காக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தாள். 'மும்தாஜ் பன்'. அடுப்பிலிருந்து எடுத்த பன் மாதிரியே உப்பியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளோ, "இங்க நின்னு பாத்து இன்னா பிரயோஜனம்? என் கஸ்டமரெல்லாம் பஸ்ல போறவங்க. வா" என்று ஆட்டோவில் நிலையத்துக்கு இழுத்துப்போய்ப் பேருந்தில் ஏற்றினாள்.

பேருந்து கடையைத் தாண்டியது. ஐயோ! சுழிகள் அடைத்துக்கொண்டு, புள்ளி எழுத்தோடு ஒட்டி, பெயரே ஒரு கட்டியாகத் தெரிந்தது.

"இன்னாடி, எல்லாம் ஒட்டிக்கினு கெடக்குது? நாளைக்குள்ள சரியாவலன்னா போர்டுக்காரர் எப்பவும் போடற எழுத்தையே போடச் சொல்லிடுவேன். தப்பா நெனச்சுக்காத."

குண்டாக இருந்தால் கண்ணில் படும் என்று நம்பி, சுழிக்குள் இருக்க வேண்டிய வெற்றிடத்தைத் தின்றுவிட்டிருக்கிறேன்.

கடைக்குள்ளேயே மடிக்கணினியை விரித்தேன். சுழிகளைத் திறந்தேன், புள்ளியை மேலே தூக்கினேன், எழுத்துகளுக்கு நடுவே மூச்சு விட இடம் வைத்தேன். உருண்டையில் கை வைக்கவில்லை. அதன் குணமே அதுதான். விலைப் பலகையையும் அதே எழுத்தில் போட்டிருந்தாள். "இது ஆளக் கூப்பிடற எழுத்துடி, வெல சொல்ற எழுத்து இல்ல" என்று அதை மட்டும் மெல்லிய எழுத்துக்கு மாற்றினேன்.

வியாழன் மாலை புது ஃப்ளெக்ஸ், மறுபடி பேருந்து. சரியான கூட்டம். கம்பியைப் பிடித்து நின்ற எங்களுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. போச்சு என்று நினைத்தேன். ஜன்னலோரம் காலி மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "மும்தாஜ் பன்னாம். எப்பத் தொறக்கறாங்களோ, புள்ளைங்களுக்கு வாங்கினு போலாம்."

மும்தாஜ் என் கையைக் கிள்ளியே எடுத்துவிட்டாள். "நாளைக்கிக்கா! ஜும்மா முடிஞ்சதும்!" என்று பேருந்தே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போகிறவர்கள் நிலையத்திலிருந்து இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மாலை ஐந்துக்கு மேல் அது கிடைக்காது. கடை வைப்பவர்கள் குண்டு எழுத்தைப் பெயருக்கு மட்டும் வையுங்கள், பலகை அடிக்கும் முன் ஒருமுறை பேருந்தில் போய்ப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை அந்த அக்கா வந்தார். பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நேராக உள்ளே போய், "சூடா இருக்குதா?" என்று கேட்டார். எழுத்தின் வேலை முந்தின நாளே முடிந்திருந்தது.